சுருதி விலகினால்தான் அழகாம்... யார் சொன்னது?

பழைய அனலாக் சிந்தசைசர் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும். "அது அப்படி இப்படி சுருதி விலகித்தான் இருக்கும் பாஸ், அதுதான் அதோட உயிரே!" விற்கிறவர் சொல்கிறார். வாங்குகிறவர் தலையாட்டுகிறார். வீடியோ போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து ரசித்துச் சொல்கிறார்.

எனக்கு இந்த வசனத்தோடு ஒரு சண்டை இருக்கிறது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து என்பது பரீட்சையில் விடை எழுதுகிற நம் எல்லோருக்கும் தெரியும் :-)

நான் சொல்ல வருவது இதுதான். அந்தக் கருவிகளின் அழகு சுருதி விலகியதால் வந்ததில்லை. மெனக்கெட்டு சுருதி சேர்த்த பிறகும் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்த துளியூண்டு விலகலால் வந்தது. இரண்டும் ஒன்றில்லை. இரண்டையும் போட்டுக் குழப்புவதால் நல்ல நல்ல கருவிகள் கவனிப்பாரில்லாமல் பாழாகின்றன. எப்படி என்று விளக்குகிறேன். நடுவில் கொஞ்சம் டிரான்சிஸ்டர் பாடம் வரும். பயப்பட வேண்டாம், இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

எத்தனை குரல், அத்தனை தலைவலி

ஆசிலேட்டர் (தமிழில் அலையியற்றி) என்பது விநாடிக்கு இத்தனை முறை என்று ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுற்று. அனலாக் சிந்தசைசரில் ஒலி பிறக்கும் இடமே அதுதான். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசிக்கும் கருவி என்றால் இரண்டு, மூன்று ஆசிலேட்டர் போதும். கொஞ்சம் விலகினாலும் வாசிக்கிறவர் ஒரு குமிழைத் திருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

வினை ஆரம்பித்தது பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கிற பாலிஃபோனிக் கருவிகள் வந்தபோது. ஐந்து சுரம் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்றால், கிட்டத்தட்ட ஐந்து சிந்தசைசர்களை ஒரே பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 'வாய்ஸ்' என்பார்கள். நான் 'குரல்' என்றே எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். 1975ல் அமெரிக்காவில் டாம் ஓபர்ஹைம் கொண்டுவந்த ஃபோர் வாய்ஸ் கருவியில் 4 குரல்கள், குரலுக்கு 2 ஆசிலேட்டர், ஆக 8. 1978ல் கலிஃபோர்னியாவில் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் வெளியிட்ட ப்ராஃபெட்-5ல் 10. ஜப்பானின் யமஹா 1970களின் பிற்பகுதியில் விற்ற சி.எஸ்.-80ல் 8 குரல்கள், குரலுக்கு இரண்டு அடுக்கு, ஆக 16. (எடை சுமார் 100 கிலோ. தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) 1982ல் வந்த மெமரிமூக் இன்னும் ஒரு படி மேலே போய் 6 குரல்கள், குரலுக்கு 3, ஆக மொத்தம் 18 ஆசிலேட்டர்கள்.

18 பேரை ஒரே சுருதியில் பாட வைக்க வேண்டும். அதுவும் ஒவ்வொருவருக்கும் லேசாகக் காய்ச்சல் அடிக்கும்போது. ஏன் காய்ச்சல் என்கிறேன்? அடுத்த பத்தி.

டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது

இந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றில் ஒரு எழுதப்படாத ஒப்பந்தம் உண்டு: கட்டுப்படுத்தும் மின்னழுத்தம் 1 வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். கீழ் ஸ்தாயி 'ஏ' 110 ஹெர்ட்ஸ், அடுத்தது 220, அதற்கடுத்தது 440. மின்னழுத்தம் ஒவ்வொன்றாகக் கூடுகிறது, அதிர்வெண்ணோ இரட்டித்துக்கொண்டே போகிறது. கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் ஏதோ ஒன்று நடுவில் வேண்டும்.

அந்த வேலையை டிரான்சிஸ்டர் இயல்பாகவே செய்கிறது. அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 18 மில்லிவோல்ட் ஏறினால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. அப்புறமென்ன, 1 வோல்ட்டைச் சுருக்கி 18 மில்லிவோல்ட்டாக்கி உள்ளே விட்டால் வேலை முடிந்தது. அழகான யோசனை.

ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு ஸ்தாயியில் 12 சுரஸ்தானங்கள். அப்படியானால் ஒரு சுரஸ்தானத்துக்கு வெறும் 1.5 மில்லிவோல்ட். இசையில் நுணுக்கமாக அளக்க ஒரு சுரஸ்தானத்தை 100 பாகமாக்கி அதை 'சென்ட்' என்கிறார்கள். ஒரு சென்ட்டுக்கு 0.015 மில்லிவோல்ட்! இப்போது இந்தச் செய்தியையும் சேர்த்துப் பாருங்கள்: அறை வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் தானாகவே சுமார் 2 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். அதாவது ஒரே ஒரு டிரான்சிஸ்டரை நம்பி ஆசிலேட்டர் கட்டினால், ஒரு டிகிரிக்கே ஒரு சுரஸ்தானத்துக்கு மேல் சுருதி ஓடிப்போகும். ஃபேன் போட்டால் ஒரு ராகம், நிறுத்தினால் வேறு ராகம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒட்டி வைத்து, ஒன்றின் நகர்வை மற்றதன் நகர்வால் கழித்தார்கள். பெரிய நோய் அதில் போய்விடும். ஆனால் ஒரு சின்ன நோய் மிஞ்சும். அந்த 18 மில்லிவோல்ட் என்ற அளவே தனிவெப்பநிலையைப் பொறுத்தது. அறை வெப்பம் சுமார் 300 கெல்வின் என்பதால் ஒரு டிகிரிக்கு 300ல் ஒரு பங்கு மாறும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறதா? கருவி சுருதி சேர்த்த இடத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால், ஒரு டிகிரிக்கு 12 சென்ட் விலகல். ஐந்து டிகிரி ஏறினால் 60 சென்ட், பாதிச் சுரஸ்தானத்துக்கு மேல். இதைச் சரிக்கட்ட, வெப்பத்துக்கு ஏற்பத் தன் மதிப்பை அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளும் தனி மின்தடையைப் போட்டார்கள். சிலர் டிரான்சிஸ்டரையே வேண்டுமென்றே சூடாக்கி, ஒரே சூட்டில் அடைகாத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பொறியாளர் ஒருவர்கூட "விலகட்டும், அதுதான் அழகு" என்று உட்கார்ந்திருக்கவில்லை. மாங்கு மாங்கென்று அதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். நாம் இன்று ரசிக்கும் ஒலி அந்தச் சண்டையில் பிறந்தது.

சாய்வும் வெட்டுத்துண்டும்

சரி, சுருதி சேர்ப்பது என்றால் என்ன? பத்தாம் வகுப்பு கணக்கில் நேர்க்கோட்டின் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? சாய்வு, வெட்டுத்துண்டு இரண்டும் தெரிந்தால் கோடு கிடைத்துவிடும். இங்கேயும் அதே கதைதான். 'ஆஃப்செட்' என்பது வெட்டுத்துண்டு. கோடு எங்கே ஆரம்பிக்கிறது, அதாவது மொத்தமாக எல்லாச் சுரமும் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா. 'ஸ்கேல்' என்பது சாய்வு. ஒரு வோல்ட்டுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி ஏறுகிறதா, கொஞ்சம் கூடவா, கொஞ்சம் குறையவா. சர்க்யூட் போர்டில் இவற்றுக்கென்று நுனி திருப்புளியால் திருகுகிற குட்டி டிரிம்மர்கள் இருக்கும். உச்சத்தில் கோடு லேசாக வளையும் என்பதால் சில கருவிகளில் அதற்கென்று மூன்றாவது டிரிம்மரும் உண்டு.

வேலை இப்படி நடக்கும். கருவியை மூடியபடியே அரைமணி நேரமாவது ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த கருவிக்குச் சுருதி சேர்ப்பது உலை கொதிக்காமல் அரிசி போடுகிற மாதிரி. பிறகு ஒரு குரலின் ஒரு ஆசிலேட்டரை மட்டும் தனியாக ஒலிக்க விட்டு, கீழே ஒரு 'ஏ', இரண்டு மூன்று ஸ்தாயி மேலே இன்னொரு 'ஏ' வாசிக்க வேண்டும். மேலே குறைகிறதா, ஸ்கேலைத் திருகு. திருகினால் கீழே இருந்ததும் நகர்ந்துவிடும். ஆஃப்செட்டைத் திருகு. மறுபடி மேலே பார். மறுபடி கீழே. நாலைந்து சுற்றில் இரண்டு முனையும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு ஆசிலேட்டர் முடிந்தது. இன்னும் 9 பாக்கி. சி.எஸ்.-80 என்றால் 15 பாக்கி!

கடைசி நுணுக்கத்துக்கு மீட்டரைவிடக் காதுதான் சுலபம். பிளஸ் ஒன் இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அது பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். 440 ஹெர்ட்ஸையும் 441 ஹெர்ட்ஸையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் விநாடிக்கு ஒரு முறை ஒலி பொங்கி அடங்கும். திருகத் திருக அந்த விம்மல் மெதுவாகும். 440 ஹெர்ட்ஸில் ஒரு சென்ட் என்பது கிட்டத்தட்ட கால் ஹெர்ட்ஸ். ஆக நான்கு விநாடிக்கு ஒரு விம்மல் கேட்டால் நீங்கள் ஒரு சென்ட்டுக்குள் வந்துவிட்டீர்கள். அதே ஒரு சென்ட் விலகல் 110 ஹெர்ட்ஸில் 16 விநாடிக்கு ஒரு முறைதான் விம்மும். அதனால்தான் கீழ் ஸ்தாயியில் பொறுமை வேண்டும். வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது.

பொத்தானை அழுத்தினால் போதாதா?

"அதுதான் ஆட்டோ டியூன் பொத்தான் இருக்கே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ப்ராஃபெட்-5ன் பெருமையே அதற்குள் உட்கார்ந்திருந்த இசட் 80 மைக்ரோபிராசசர்தான். 40 ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். 'ட்யூன்' பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஆசிலேட்டராக எடுத்து, அதிர்வெண்ணை எண்ணிப் பார்த்து, எவ்வளவு பிசகோ அவ்வளவு திருத்தத்தைக் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தோடு சேர்த்துவிடும். சில விநாடிகளில் பத்தும் வரிசைக்கு வந்துவிடும். 'கம்ப்யூட்டர் வந்து இசையைக் கெடுத்துவிட்டது, பழைய அனலாக்தான் சுத்தம்' என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: அவர்கள் கொண்டாடும் அனலாக் பாலிஃபோனிக் கருவிகளில் பலவற்றைக் கச்சேரி மேடைக்கு ஏற்ற முடிந்ததே உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்கு போட்டதால்தான்.

ஆனால் இந்தப் பொத்தானுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது தரும் திருத்தம் ஒரு வரம்புக்கு உட்பட்டது. டிரிம்மர் வரம்பைத் தாண்டி விலகியிருந்தால் மைக்ரோபிராசசர் கையை விரித்துவிடும். இரண்டு, அது படிப்படியாகத்தான் திருத்த முடியும். ரோலண்ட் ஜூபிட்டர்-8 (1981) இதற்கு நல்ல உதாரணம். ஆரம்ப காலக் கருவிகளில் 12 பிட் மாற்றியும், பின்னால் வந்தவற்றில் 14 பிட் மாற்றியும் இருந்தன. ஐந்து ஸ்தாயியை 12 பிட்டின் 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 1.5 சென்ட். 14 பிட்டில் 16384 படி, அதாவது அரை சென்ட்டுக்கும் கீழே. இதை நான் பொதுவான கணக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் படிக்கட்டு எவ்வளவு பெரியதோ அவ்வளவு கரடாகத்தான் சுருதி நிற்கும் என்பது புரிகிறது இல்லையா?

ஆக, பொத்தான் தினசரி முகம் கழுவுகிற மாதிரி. டிரிம்மர் வேலை எண்ணெய்க் குளியல். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

விலகல் மூன்று வகைப்படும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 'விலகல்தான் அழகு' என்கிறவர்கள் மூன்று வெவ்வேறு சமாசாரங்களை ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள்.

முதல் வகை, வாசிக்கிறவர் வேண்டுமென்றே வைப்பது. ஒரே குரலின் இரண்டு ஆசிலேட்டர்களில் ஒன்றை ஐந்து சென்ட் தள்ளி வைத்தால் ஒலி தடித்து, மெல்ல அலைபாயும். அதற்கென்று முன் பக்கத்திலேயே குமிழ் இருக்கிறது. இது விலகல் இல்லை, இது இசை.

இரண்டாம் வகை, ஒழுங்காகச் சுருதி சேர்த்த பிறகும் குரலுக்குக் குரல் மிஞ்சியிருக்கும் ஓரிரு சென்ட். ஒரே கோரஸில் பாடும் ஐந்து பேரின் தொண்டை ஒன்றாக இருக்காதே, அந்த மாதிரி. இதற்கு நானும் ரசிகன்தான்.

மூன்றாம் வகை, ஸ்கேல் கெட்டுப்போய் கீழே சரியாகவும் மேலே பிசகியும் இருப்பது, அல்லது ஒரு குரல் மட்டும் 20 சென்ட் தள்ளி நிற்பது. இது பழுது. வேறு பேர் கிடையாது.

இந்த மூன்றாம் வகை பாலிஃபோனிக் கருவியில் ஏன் இவ்வளவு மோசம் தெரியுமா? பியானோவில் ஒரு கம்பி தளர்ந்தால் அந்தக் கட்டைதான் அபசுரம். எது என்று தெரியும், ஒதுக்கிவிட்டு வாசிக்கலாம். இங்கே அப்படி இல்லை. நீங்கள் அழுத்துகிற கட்டைகளை ஐந்து குரல்களுக்கும் சுழற்சி முறையில் பங்கு போடும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுரம் சேர்ந்த ஒரு கார்டு வாசிக்கிறீர்கள்: 1, 2, 3ஆம் குரல்கள். அடுத்த கார்டு: 4, 5, 1. அதற்கடுத்தது: 2, 3, 4. மூன்றாம் குரல் பிசகியிருந்தால் முதல் கார்டில் கடைசிச் சுரம் கசக்கும். இரண்டாவது கார்டு தேனாக இருக்கும். மூன்றாவதில் நடுச் சுரம் கசக்கும். தவறு ஒரு இடத்தில் நிற்காமல் வீடு வீடாகப் போகிறது! வாசிக்கிறவருக்கோ 'நான்தான் தப்பாக அழுத்திவிட்டேனோ' என்று சந்தேகம். கேட்கிறவருக்கோ காரணம் சொல்லத் தெரியாத ஒரு எரிச்சல். இதைப் போய் 'உயிர்' என்றால் எப்படி?

சுருதி மாதா என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கச்சேரி நடுவிலேயே மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டிச் சரிசெய்கிறார். யாராவது எழுந்து "விடுங்க சார், விலகல்தான் அழகு" என்று சொல்லிப் பார்க்கட்டும் :-)

எதிர்க்கட்சிக்கும் மைக் கொடுப்போம்

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இது. டேவ் ஸ்மித் 2020ல் ப்ராஃபெட்-5ன் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது அதில் 'விண்டேஜ்' என்று ஒரு குமிழ் வைத்தார். 4 என்ற இடத்தில் வைத்தால் ஒலி நிலையாக நிற்கும். 1 பக்கம் திருப்பத் திருப்ப, பழைய பதிப்புகளைப் போலக் குரல்களுக்குள் வேறுபாடு கூடும். 1978ல் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதை 42 வருடம் கழித்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது! "பார்த்தாயா, விலகல்தான் உயிர் என்று உருவாக்கியவரே ஒப்புக்கொண்டுவிட்டார்" என்கிறார்கள்.

நான் அந்தக் குமிழை வேறு மாதிரி பார்க்கிறேன். அது குமிழ். விலகல் எவ்வளவு வேண்டும் என்று வாசிக்கிறவர் முடிவு செய்கிறார். வேண்டாம் என்றால் 4ல் வைத்துக்கொள்ளலாம். அதாவது முதலில் சரியாகச் சுருதி சேர்ந்த கருவி, அதற்குப் பிறகுதான் விலகல். நான் சொல்கிற வரிசையும் அதுதான். அலமாரியில் தூங்கி எழுந்த பழைய கருவியில் அந்தக் குமிழ் கிடையாது. அது தன் இஷ்டத்துக்கு விலகும்.

இன்னொரு சாட்சி, ரோலண்ட் ஜூனோ-60 (1982). அதன் ஆறு குரல்களின் சுருதியும் ஒரே மையக் கடிகாரத்தின் துடிப்பை எண்ணிப் பிரித்து வருகிறது. ஒன்றுக்கொன்று விலக வழியே இல்லை. 'விலகல்தான் உயிர்' என்றால் ஜூனோ பிணம் மாதிரி ஒலிக்க வேண்டும். ஆனால் 'என்ன ஒரு கதகதப்பு!' என்று உலகமே உருகும் கருவிகளில் அது ஒன்று. அலைவடிவம், ஃபில்டர், அதன் புகழ்பெற்ற கோரஸ் எல்லாம் சேர்ந்து அந்தக் கதகதப்பைத் தருகின்றன. கெட்டுப்போன சுருதி அந்தப் பட்டியலில் இல்லை.

'பிளேட் ரன்னர்' (1982) படத்தில் வாஞ்ஜெலிஸ் வாசித்த சி.எஸ்.-80ஐயும் உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கருவியில் கட்டையை அழுத்திய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினால், அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அசைவு கொடுக்கலாம். கிட்டத்தட்ட நம் கமகம் மாதிரி. அந்த ஒலியில் நாம் கேட்கும் உயிரில் விரலுக்கு இருக்கும் பங்கை மறந்துவிட்டு, எல்லாப் புகழையும் சூட்டில் நகர்ந்த டிரான்சிஸ்டருக்குக் கொடுப்பது வாஞ்ஜெலிஸுக்குச் செய்கிற அநியாயம்.

இதில் என்ன போச்சு?

'சரிப்பா, ரசனை விஷயம், விட்டுத் தொலையேன்' என்று தோன்றலாம். விட முடியாது. ஏனென்றால் சுருதி விலகல் பல சமயம் வேறொரு நோயின் அறிகுறி.

மெமரிமூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டக் கர்ட்டிஸ் வடிவமைத்த சி.இ.எம். 3340 என்ற ஆசிலேட்டர் சிப்தான் அதில் இருந்தது. வெப்பத்தை ஈடுகட்டும் சுற்றை சிப்புக்குள்ளேயே கொண்டிருந்த அருமையான படைப்பு. 1980ல் வந்த ப்ராஃபெட்-5ன் மூன்றாம் பதிப்பு அதே சிப்புக்கு மாறிய பிறகு நன்றாக நிலைபெற்றது. மெமரிமூக்கோ சுருதி நிற்காத கருவி என்று பேர் வாங்கியது. ஒரே சிப், இரண்டு தலையெழுத்து! மின்வழங்கியும் போர்டுகளை இணைக்கும் கனெக்டர்களும் அங்கே பெரிய பங்காளிகள். ஒரு சென்ட்டுக்கு 0.015 மில்லிவோல்ட் என்று மேலே பார்த்தோமே. துருப்பிடித்த ஒரு கனெக்டர் முள் அதைவிடப் பல மடங்கு பிசகைச் சாதாரணமாக உண்டாக்கும்.

அப்படி ஒரு கருவி விலகும்போது 'ஆஹா, என்ன ஒரு ஆளுமை' என்று ரசித்துக்கொண்டிருந்தால் கனெக்டர் இன்னும் துருப்பிடிக்கும், மின்வழங்கியின் கெப்பாசிட்டர் இன்னும் காயும். கொர்க் பாலிசிக்ஸ் (1981) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். நினைவகத்துக்காக வைத்த ரீசார்ஜ் பேட்டரி வயதாகி ஒழுகி, போர்டின் செப்புத் தடங்களையே அரித்துவிடும். பழுதுக்கு அழகு என்று பேர் வைத்தால் யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். திறந்து பார்க்காத கருவி ஒரு நாள் மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். இந்தக் கருவிகளுக்கெல்லாம் இப்போது 40 வயதுக்கு மேல். இனி புதிதாகப் பிறக்கப் போவதில்லை.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. சி.இ.எம். 3340 சிப்பை 2016ல் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள். சிப் கிடைக்கும். ஆனால் விம்மலைக் கேட்டுத் திருகும் காது கடையில் கிடைக்காது. டக் கர்ட்டிஸ் 2007ல் மறைந்தார், டேவ் ஸ்மித் 2022 மே மாதம் மறைந்தார். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் சிரமப்பட்டு சேர்த்த சுருதியை 'அது அப்படித்தான் இருக்கும்' என்ற ஒரு வரியில் நாம் கைகழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, திருப்புளியைத் தூக்குமுன்

இதைப் படித்துவிட்டு உடனே ஒரு திருப்புளியோடு கிளம்பிவிடாதீர்கள். எதையும் கவனிக்காமல் விடுவது ஒரு தப்பு என்றால், கண்ட டிரிம்மரையெல்லாம் திருகுவது அதன் அண்ணன். வரிசை முக்கியம். முதலில் மின்வழங்கி சரியான வோல்ட் தருகிறதா என்று அளக்க வேண்டும். (உள்ளே வீட்டு மின்சாரம் ஓடும் பகுதி உண்டு, தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது.) பிறகு கனெக்டர்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு சூடேற விட வேண்டும். பிறகு ஆட்டோ டியூன். அதற்கும் அடங்காத குரல் எது என்று கண்டுபிடித்து, அந்த டிரிம்மரை மட்டும், அதுவும் முதலில் இருந்த நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு, நூலளவு திருக வேண்டும். அந்தக் கருவிக்கான சர்வீஸ் மேனுவலில் எந்த டிரிம்மர் எதற்கு என்று விளக்கமாகப் போட்டிருக்கும். படிக்க அலுப்பாக இருக்கிறதா? நம் செமஸ்டர் புத்தகத்தைவிட ரொம்ப சுவாரசியம், சத்தியமாக.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பத்து ஆசிலேட்டர்களும் கடிகார முள் மாதிரி ஒன்றாக நிற்காது. ஒரு சென்ட் இங்கே, ஒன்றரை சென்ட் அங்கே என்று மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த மூச்சை ரசியுங்கள். அதற்குக் காசு கொடுங்கள், கவிதைகூட எழுதுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் மூச்சுத் திணறலைக் காட்டி 'என்ன அழகாக மூச்சு விடுகிறது பார்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, கடைசியா இதுக்கு எப்போ சுருதி சேர்த்தீங்க?"